வானத்திலிருந்து விழாத கல்

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்த காலத்தில் நம் வீடுகளில் 'பெர்மனென்ட்' என்ற வார்த்தைக்கு என்ன மரியாதை இருந்தது! மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பெர்மனென்டா என்றுதான் கேட்பார்கள். எங்கள் அம்மாவுக்கு அந்த வார்த்தை வாயில் நுழையாது. 'பர்மெண்ட்டு' என்பாள். ஒழுகுகிற ஓடு மாற்றுவது, எனக்கு ஒரு கம்மல் வாங்குவது எல்லாமே அப்பாவுக்குப் பர்மெண்ட்டு ஆன பிறகுதான்.

அப்பா ஒரு பவுண்டரியில் காண்ட்ராக்ட் ஆள். இரும்பை உருக்கி வார்க்கும் இடம். உருக்குகிற வேலை அவருக்கு இல்லை, டிராக்டரில் லோடு ஏற்றி இறக்குவார். என்ன லோடு என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை. அதற்கு முன் அவரும் அவருடைய அப்பாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் காலனியில் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிய முதல் ஆள் அப்பாதான். காக்கிச் சட்டை, பாக்கெட்டுக்கு மேலே சிவப்பு நூலில் தைத்த எழுத்து. அதை மற்ற துணிகளோடு கொடியில் போடாமல், அம்மா தனியாக ஒரு ஆணியில் மாட்டி வைப்பாள்.

ஒரே ஒரு மழைக்காலத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம். இத்தனை காலமாக இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். யார் மேல் தப்பு என்பது எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் நல்லது.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தக்காளித் தோட்டத்துக்காரரின் மகள். ராயக்கோட்டை ரோட்டுக்கு இந்தப்பக்கம் எங்கள் காலனி, அந்தப்பக்கம் அவர்கள் தோட்டம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்களோடு தமிழ், மாட்டு வியாபாரிகளோடு கன்னடம். காலையில் அவள் வந்து உட்கார்ந்தாலே தக்காளிச் செடியின் பச்சை வாசனை வரும். விரல் நுனியெல்லாம் மஞ்சள் பச்சையாகக் கறை பிடித்திருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகிற மரப்பெட்டிகளில் தக்காளியை அடுக்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவாள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பெரிய மழை பிடித்தது. இடி விழுந்து அவர்கள் தோட்டத்து ஓரத்தில் இருந்த தென்னை கருகிப்போனது. மறுநாள் காலையில் தோட்டத்துக்காரர் போய்ப் பார்த்தால், தக்காளிச் செடிகளுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகக் கற்கள் கிடக்கின்றன. நம் பக்கத்துக் கருங்கல் மாதிரி இல்லை. உருகி வழிந்து உறைந்துபோன மாதிரி மேலே ஒரு மினுமினுப்பு. வெயிலில் திருப்பினால் நீலமும் பச்சையும் ஓடும். ஓரம் கையைக் கிழிக்கும்.

அவள் அதில் ஒரு துண்டைப் பாவாடையில் முடிந்து கொண்டுவந்தாள்.

"எங்க தோட்டத்துல வானத்துல இருந்து கல்லு வுழுந்திருக்குதுடி. இடியோட வந்துச்சாம். எங்க நான்னா சொன்னாரு." நான்னா என்றால் தெலுங்கில் அப்பா.

அந்த வாரத்திலேயே பெரிய கல் ஒன்று அவர்கள் களத்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தார்கள். ராயக்கோட்டையிலிருந்துகூட ஆட்கள் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தோட்டத்துக்காரர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் இடி எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கை நீட்டிக் காட்டுவார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு அப்படித் தோன்றலாம்.

தோட்டத்துக்கு மேலே, மேட்டில், கல் உடைத்துவிட்டுப்போன பழைய குழி ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். முள் மண்டிக் கிடக்கும். மழைத்தண்ணீர் அங்கிருந்துதான் தோட்டத்துக்கு இறங்கிவந்தது என்பதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. வானத்தைப் பார்த்த கண்ணுக்கு மேடு தெரியவில்லை.

பொங்கலுக்குப் பிறகு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நாங்கள் இருவரும் சேர்ந்து இந்தக் கல்லை வைக்கலாம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். எங்கள் அறிவியல் டீச்சர் திருநெல்வேலிக்காரர். கல்லைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஏட்டி, வானத்துல இருந்து விழுந்துச்சுன்னு எழுதி வச்சாப் போதுமா? சோதிச்சுல்லா காட்டணும். நெறத்தைப் பாத்து ஏமாந்துறக் கூடாது. உரசிப் பாருங்க, கீறிப் பாருங்க, காந்தத்தை வச்சுப் பாருங்க, புளிப்பு எதையாவது ஊத்திப் பாருங்க. கல்லு பொய் சொல்லாதுட்டி."

அவர் சொன்னது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நாங்களாகச் செய்தது.

அவர்கள் கிணற்றை ஒட்டி ஒரு மோட்டார் ரூம் இருந்தது. அதில்தான் எங்கள் சோதனை. கிரீஸ் வாசனை, சணல் சாக்கு, ஓரத்தில் பூச்சிமருந்து டப்பாக்கள். மோட்டார் ஓடினால் தரை அதிரும், பேசுவது கேட்காது, சைகையில்தான் பேசிக்கொள்வோம். பள்ளி விட்டதும் அங்கே போய்விடுவோம்.

முதலில் காந்தம். கெட்டுப்போன ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து அவள் கழற்றியது, வளையல் மாதிரி வட்டமாக, கனமாக. கல்லின் ஒரு பக்கத்தில் டப்பென்று ஒட்டிக்கொண்டது. இன்னொரு பக்கத்தில் வைத்தால் வழுக்கி விழுந்தது. ஒட்டினதே போதும் என்று அவள் குதித்தாள். வானத்துக் கல்லில் இரும்பு இருக்கும் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்தது.

அடுத்து உரசல். ஊறுகாய் ஜாடி மூடியைத் திருப்பினால் அடியில் பளபளப்பு பூசாத வெள்ளை வட்டம் இருக்குமே, சொரசொரவென்று, அதில் கல்லைத் தேய்த்தோம். ஒரு இடத்தில் சாம்பல் கோடு விழுந்தது, மற்ற இடத்தில் கோடே இல்லை, மூடிதான் கீறல் விழுந்தது. அந்த மூடியை எடுத்ததற்காக அவளுக்கு வீட்டில் திட்டு. பழைய காசை வைத்துக் கல்லைக் கீறினோம், காசுதான் தேய்ந்தது. கல்லை வைத்து மருந்து பாட்டிலைக் கீறினோம், பல்லைக் கூசவைக்கிற சத்தத்தோடு கோடு விழுந்தது. கண்ணாடியையே கீறுகிற கல் என்று அவளுக்கு இன்னும் பெருமை.

எடை பார்த்தபோதுதான் இடறியது. சொம்பு நிறையத் தண்ணீர் வைத்து, கல்லை நூலில் கட்டி இறக்கி, வழிகிற தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்தோம். அதே அளவு தண்ணீரை வழியவைக்கிற ஒரு கருங்கல்லைத் தேடி எடுக்கவே ஒரு சாயங்காலம் போனது. தக்காளி நிறுக்கும் தராசில் இரண்டையும் எதிரெதிரே வைத்தோம். கருங்கல் பக்கம் தாழ்ந்தது. இரும்பு நிறைந்த வானத்துக் கல் நம் ஊர்க் கல்லைவிட லேசாக இருக்கிறது.

"தராசு சரியில்ல" என்றாள் அவள். தட்டை மாற்றி வைத்தோம். மறுபடியும் கருங்கல் பக்கம்தான் தாழ்ந்தது. "வேற கல்லு எடுத்துப் பாக்கலாம்" என்றாள். அன்றைக்கு அதோடு விட்டுவிட்டோம்.

இதற்கிடையில் அவர்கள் கிணறு கெட ஆரம்பித்தது. தண்ணீர் மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஆடை. காலையில் தொட்டியில் ஊற்றினால் மாடு மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கீழ்ப்பாத்தியில் தக்காளி இலை ஓரம் கருகியது. சாமிக்குக் குறை வைத்துவிட்டோம் என்று தோட்டத்துக்காரர் பயந்துபோனார். பால் ஊற்றினார், சேவல் அறுத்தார். கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று, வேப்பமரத்தடியில் இருந்த அந்தப் பெரிய கல்லையே மஞ்சள் துணியில் சுற்றிக் கிணற்றுக்குள் இறக்கினார். தண்ணீரைச் சாமி சுத்தம் செய்யட்டும் என்று. நானும் தோழியும் மோட்டார் ரூம் வாசலில் நின்று பார்த்தோம். கயிறு தளர்ந்ததும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அதற்கு அடுத்த நாள்தான் நாங்கள் கல்லை உடைத்தது. புளிப்பு ஊற்ற வேண்டும் என்றால் உள்பக்கம் தெரிய வேண்டும். சுத்தியலால் ஒரே அடி. பணியாரத்தைப் பிட்ட மாதிரி உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தது. அவள் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி, உதிர்ந்த தூளின் மேல் பிழிந்தாள். நுரை பெரிதாக வரவில்லை. வாசனைதான் வந்தது. அழுகின முட்டையும் அணைந்த பட்டாசும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவுக்கு முன்னால் வந்து நிற்கிற வாசனை அது.

ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா முகம் கழுவிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை மோந்து பார்த்தேன். பிறகு கல்லை மோந்து பார்த்தேன்.

"அப்பா, இந்தக் கல்லு உன் சட்ட வாசம் அடிக்குது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். "எங்க எடுத்த?"

"தக்காளித் தோட்டத்துல. வானத்துல இருந்து வுழுந்த கல்லு. எல்லாரும் கும்புடறாங்களே, அதான். நேத்து ஒண்ண கெணத்துலகூடப் போட்டாங்க."

"கெணத்துலயா?"

"தண்ணி கெட்டுப் போச்சுன்னு. சாமி சரி பண்ணட்டும்னு."

அவர் கல்லை வாங்கிப் பார்க்கவே இல்லை. அம்மா அடுப்பிலிருந்து திரும்பி, "இன்னாய்யா அது?" என்றாள். அவள் மறுபடி கேட்டாள்.

"ஸ்லாக்கு" என்றார் அப்பா. "இரும்பு உருக்கும்போது மேல மெதக்கற கசடு. கருகுன மண்ணும் சேத்து மேட்டுக் குழில கொட்டச் சொன்னாங்க. கொட்டனோம். மழ அடிச்சு எறக்கிடுச்சு போல."

"போயி சொல்லிடுய்யா."

"சொன்னா? கம்பெனி பேரு வெளிய வந்தா என்னிய வேலைல வச்சிருப்பானுங்களா? தைக்கு மேல பர்மெண்ட்டு ஆவும்னு சூப்ரைசர் சொல்லியிருக்கறாரு."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் களி கிண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் 'போய் சொல்' என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார் என்று நான் நினைத்ததுண்டு. இப்போது எனக்கு அம்மாவின் அன்றைய வயதைவிட இரண்டு மடங்கு வயது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் களியைத்தான் கிண்டியிருப்பேன்.

"யாருகிட்டயும் சொல்லாத பாப்பா" என்றார் அப்பா என்னிடம். அதட்டவில்லை. கேட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் விடியும் முன்பே எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். திரும்பி வரும்போது உள்ளங்கையெல்லாம் சின்னச் சின்னக் கீறல். அம்மா மஞ்சள் வைத்துவிடுவாள். எங்கே போனார் என்று மூன்று பேருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். தோட்டத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கி ரயில் பாதை ஓரப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். கொட்டியதை அள்ளிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தோழி என்னிடம், "கல்லு கொறையுதுடி, யாரோ எடுத்துட்டுப் போறாங்க. பெங்களூர்ல இதை வாங்கறதுக்கு ஆளு இருக்குதாம்" என்றாள். நான் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன். முனை ஒடிந்து ஒடிந்து, பென்சில் பாதியாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனிக்கு ஆள் ஓடிவந்தது. அப்பாவைப் பிடித்துவிட்டார்கள்.

தோட்டத்தில் பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. கிணற்றிலிருந்து ஏறி வரும்போது பிடித்தார்கள். அந்தப் பெரிய கல்லை மஞ்சள் துணியோடு தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்திருக்கிறார். எங்கள் ஆட்கள் அந்தக் கிணற்றில் தூர் வார இறங்கியிருக்கிறார்கள். கூப்பிட்டால் இறங்கலாம். கூப்பிடாமல் இறங்கியதுதான் குற்றம். அதோடு திருட்டு. அதுவும் சாமி கல்.

நானும் அம்மாவும் போனபோது, களத்தை ஒட்டி நின்ற அந்தக் கருகிய தென்னையில் அவரைக் கட்டியிருந்தார்கள். கம்பெனிச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் சொட்டிச் சொட்டி காலடியில் ஈரம். காலனி ஆட்கள் ரோட்டு ஓரத்திலேயே நின்றுவிட்டார்கள். அம்மா மட்டும் உள்ளே போய், ஒரு இடத்துக்கு மேல் போக முடியாமல் நின்றாள்.

தோட்டத்துக்காரருக்குக் கோபம் வந்தால் தெலுங்குதான் வரும். "தொங்கா! தொங்கா!" என்று கத்திக்கொண்டிருந்தார். திருடன் என்று அர்த்தம். நம் பக்கத்தில் அது எல்லாருக்கும் புரியும். அவருடைய சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டு, "கெணத்துல எறங்கிட்டானே, இனிமே அந்தத் தண்ணிய எப்படிக் குடிக்கறது" என்று அழுதாள்.

"யாருக்குடா குடுக்கற? பெங்களூர்க்காரன் எவன்டா வர்றான்?"

அப்பா தலையைத் தூக்கவில்லை. "தப்புதாங்கய்யா. ஆசப்பட்டு எடுத்துட்டன். வுட்டுடுங்க."

அவர் தன் வாயாலேயே திருடன் என்று ஒத்துக்கொள்கிறார். ஒரு ஆள் புளிய விளாறு கொண்டுவந்து நின்றான். எனக்கு அப்போது பர்மெண்ட்டு நினைவில் இல்லை, கம்பெனி நினைவில் இல்லை. எங்கள் அப்பா திருடன் இல்லை, அவ்வளவுதான் நினைவில் இருந்தது.

"எங்கப்பா திருடல!" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ கத்துவது மாதிரிக் கேட்டது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா முதல் தடவையாகத் தலையைத் தூக்கி, என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது மாதிரி ஆட்டினார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி வேப்பமரத்தடிக்கு ஓடினேன். அங்கே இன்னும் சில சின்னக் கற்களை வைத்திருந்தார்கள், பக்கத்தில் அறுத்த எலுமிச்சம்பழம். ஒரு கல்லை எடுத்து இன்னொன்றின் மேல் ஓங்கி அடித்தேன். சாமி கல்லை உடைக்கிறாளே என்று யாரோ அலறினார்கள். குங்குமம் தடவியிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து உடைந்த இடத்தில் பிழிந்து, தோட்டத்துக்காரர் முன்னால் நீட்டினேன்.

"மோந்து பாருங்கய்யா. அப்பறம் எங்கப்பா சட்டைய மோந்து பாருங்க. ரெண்டும் ஒண்ணுதான். இது வானத்துல இருந்து வுழுந்தது இல்ல. கம்பெனி கசடு."

"யார்ரா இவள..." என்று ஆரம்பித்தார் அவர். அப்போது தோழி வந்து பக்கத்தில் நின்றாள். "நான்னா, நாங்க சோதிச்சுப் பாத்தோம். உள்ள பூரா ஓட்டை. நம்ம கருங்கல்லவிட லேசா இருக்குது" என்றாள். மெல்ல, தரையைப் பார்த்துக்கொண்டு. அவளுக்கும் தராசு தாழ்ந்த அன்றே தெரிந்திருக்கிறது.

அவர் கல்லை வாங்கி மோந்தார். அப்பாவின் சட்டையை மோந்து பார்க்கவில்லை. அவர் பார்க்கமாட்டார். ஆனால் காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நனைந்த துணிக்கு வாசனை அதிகம்.

"ஏன்டா, இது உங்க கம்பெனிதா?"

"ஆமாங்க."

"எவன்டா கொட்டுனது?"

அப்பா மேட்டுப் பக்கம் பார்த்தார். "நாந்தாங்கய்யா. மேட்டுக் குழில. மழைல எறங்கி வரும்னு தெரியலங்க. தெரிஞ்ச பெறகு பொறுக்கிட்டுப் போயிடலாம்னு பாத்தன்."

விளாறு வைத்திருந்தவன் தோட்டத்துக்காரரைப் பார்த்தான். அடிக்கச் சொல்வார் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் களத்து மண்ணில் அப்படியே உட்கார்ந்திருந்தார், அந்த வெள்ளை வேட்டியோடு.

"கெணத்துல நாந்தானேடா போட்டன்" என்றார். "என் கையால போட்டுட்டனே."

கட்டை யார் அவிழ்த்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.

அடுத்த நாள் அவரும் இன்னும் சில தோட்டக்காரர்களும் பவுண்டரி கேட்டுக்குப் போனார்கள். அப்பாவைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நடந்ததை அப்பா வீட்டில் வந்து சொன்னது இவ்வளவுதான்: உள்ளேயிருந்து ஒரு ஆபீசர் வந்து, நாங்கள் அந்தக் குழியில் கொட்டவே இல்லை, இந்த ஆள் தானாக எங்கேயாவது கொட்டியிருந்தால் அவன்தான் பொறுப்பு என்றாராம். கிணறு கெட்டதைப் பற்றிக் கேட்டதற்கு, "நீங்களே பூஜை பண்ணிக் கெணத்துல போட்டீங்களாமே?" என்று சிரித்தாராம். எவ்வளவு சீக்கிரம் செய்தி போயிருக்கிறது பாருங்கள். அப்பாவிடமிருந்து கேட் பாஸை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். சட்டையை அவர்களே கேட்டு வாங்கியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அது ரொம்ப நாள் அந்த ஆணியிலேயே தொங்கியது. துவைத்த பிறகும் அந்த வாசனை போகவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. ஒரே ஒரு தடவை, தலை வாரிவிடும்போது பின்னாலிருந்து, "நீ ஏன்டி வாயத் தொறந்த?" என்றாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பின்னலை இழுத்துக் கட்டினாள்.

அப்பா சொன்னது வேறு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "திருடன்னு வுட்டிருந்தா நாலு அடியோட போயிருக்கும் பாப்பா" என்றார். அதை நான் வெகுகாலம் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா இருந்தவரைக்கும் அப்படித்தான் நினைத்தேன், அதனால் அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. என் பிள்ளைகள் வளர்ந்து, அவர்கள் முன்னால் நானே தலைகுனிந்து நிற்க வேண்டிய ஒன்றிரண்டு நாட்கள் வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது: அடியை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்தக் கொட்டின விஷயத்தை மகள் முன்னால் ஊர் நடுவில் ஒத்துக்கொண்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. நான் அவரைக் காப்பாற்றத்தான் பேசினேன். எது அவரைக் காப்பாற்றும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கண்காட்சிக்கு எங்கள் மேசை காலியாக இருந்தது. டீச்சர் வந்து, "கல்லு எங்கட்டி?" என்று கேட்டார். தொலைந்துவிட்டது டீச்சர் என்றேன். அந்த இடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் களிமண்ணில் செய்த எரிமலையை வைத்துக்கொண்டார்கள். தோழி வேறு பெஞ்சுக்குப் போயிருந்தாள். யாரும் அவளை மாற்றவில்லை, அவளாகவே மாறிக்கொண்டாள்.

அப்பா மறுபடி கூலி வேலைக்குப் போனார். போவதற்கு முன், தினமும், அந்த மேட்டுக் குழிக்குப் போய்க் கூடை கூடையாக அள்ளினார். இப்போது ஒளிந்து போகவில்லை, எல்லாரும் பார்க்கத்தான் போனார். தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று பார்ப்பார். போகச் சொல்லவும் மாட்டார், போதும் என்று சொல்லவும் மாட்டார். ஒருநாள் தன் மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, குழி ஓரமாக நிறுத்தி, மாடுகளை அவிழ்க்காமலே இறங்கிப் போய்விட்டார். அப்பா அந்த வண்டியில் அள்ளிப் போட்டு ஓட்டிக்கொண்டு போனார். அவர்கள் இருவரும் அதற்குமேல் ஒருவரோடு ஒருவர் பேசியதாக எனக்குத் தெரியாது.

குழி தீரவில்லை. கம்பெனி டிராக்டர் எத்தனை காலமாக அங்கே போய்வந்ததோ! ஒரு ஆள் கூடையால் அள்ளித் தீர்க்கிற அளவா அது? கிணற்றை இறைத்தார்கள், மறுபடி இறைத்தார்கள். ஊறி வந்த தண்ணீரில் ஆடை குறைந்ததே தவிரப் போகவில்லை. தக்காளிக்குக்கூட விட முடியாமல், அடுத்த வருஷம் பாதித் தோட்டம் தரிசாகக் கிடந்தது. இப்போது அந்த இடத்தில் லேஅவுட் போட்டு வீடுகள் வந்துவிட்டன. தண்ணீர் லாரி வருகிறது. ஏன் இங்கே போர் போட்டால் தண்ணீர் நன்றாக இல்லை என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கிறார்களாம்.

அந்தக் கோடையில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

குடிக்கிற தண்ணீருக்குத் தோட்டத்துக்காரர் வீட்டார் தூரத்தில் இருந்த அவர்கள் சொந்தக்காரர் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சித்திரையில் அது வற்றிவிட்டது. எங்கள் காலனி நடுவில் பஞ்சாயத்து போட்ட அடிபம்பு ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரத்தில் அப்போது தண்ணீர் கொடுத்தது அது ஒன்றுதான். ஒரு சாயங்காலம் தோழி இடுப்பில் பித்தளைக் குடத்தோடு ரோட்டைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்தாள்.

பம்படியில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு ஒருத்தி இன்னொருத்தியை இடித்து, "வந்தாங்க பாரு, இப்ப நம்ம தண்ணிக்கு" என்றாள். சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை. எத்தனை வருஷம் ஒதுங்கி நின்றதற்குப் பதிலாக ஒரு சாயங்காலம் அது! ஆனால் எங்கள் வீட்டில் யாராலும் சிரிக்க முடியவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். "சும்மா இருங்கடி" என்று சொல்லிவிட்டு, அம்மா தன் குடத்தை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டாள்.

நான் போய்ப் பம்பின் கைப்பிடியைப் பிடித்து அடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. களத்தில் பக்கத்தில் வந்து நின்றாளே, அன்றைக்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை. குடம் நிறைகிற சத்தம் மாறிக்கொண்டே வந்தது. நிரம்பியதும் அவள் குனிந்து, வாய்க்குழாயில் கையேந்தி ஒரு வாய் குடித்தாள். நிமிர்ந்து, பாவாடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய குரலில், மோட்டார் ரூமில் பேசுகிற மாதிரி, என்னிடம் சொன்னாள்:

"எங்க கெணத்துத் தண்ணியும் இப்பிடித்தாண்டி இருந்துச்சு. இதே ருசி. இல்ல?"

நான் பம்பை இன்னும் ஒரு தடவை அடித்தேன். அந்தக் கிணற்றில் நான் ஒருநாளும் தண்ணீர் குடித்ததில்லை. தாகம் எடுத்தால் மோட்டார் ரூமிலிருந்து ரோட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்து குடித்துவிட்டுத் திரும்பிப் போவேன். நான் வரும்வரை அவள் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஏன் போகிறாய் என்று அவள் கேட்டதில்லை.

அவள் முகம் மெல்ல மாறியது. நான் ஏன் போனேன் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் தளும்பிப் பாவாடையை நனைக்க, வேகமாகப் போனாள். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கீழே குடம் இல்லை என்று அம்மா சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.